உதட்டு நீலம்

— சூப்ப அப்புறம் குடிக்கலாம். மொதல்ல ஜன்னல் பக்கம் திரும்பு. வாயக் காட்டு.

— என்னம்மா நீ, மத்தியானச் சங்கு ஊதுனதும் மில்லுலேந்து ஓடி வந்திருக்கேன். சாப்பிட விடு.

— காட்டுன்னா காட்டு, இதலீனா. ஒதட்டுல என்ன நீலம்?

— ஓ, அதுவா. ப்ளூபெரி. பக்கத்துத் தறிக்காரி குடுத்தா.

— அக்டோபர் மாசத்துல. ஊர்ல இருக்குற மரமெல்லாம் இலைய உதுத்துட்டு நிக்குது, ஒங்க மில்லுக்குள்ள மட்டும் பழம் பழுக்குதாக்கும்.

— காஞ்ச பழம்மா.

— பொய் சொல்லக்கூட ஒழுங்கா வரல ஒனக்கு. ஜாம்னு சொல்லியிருந்தா நம்பித் தொலைச்சிருப்பேன். இவளே, நான் பல்லு விழுந்து மொளைக்கறதுக்குள்ள மில்லுக்குப் போனவ. சாயம் எது, பழச்சாறு எதுன்னு எனக்கா தெரியாது? ஒன் தறியில இன்னிக்கு நீலக்கட்டம் ஓடுது. அதானே?

— சூப்பு ஆறுதும்மா.

— ஆறட்டும். தறியில நூல் கொண்டு ஓடுற மர நாடாவ வாயில வச்சு உறிஞ்சறியா?

— எல்லாரும்தான் உறிஞ்சறாங்க.

— எல்லாரும்னா யாரு? சட்டம் வந்தாச்சு. நாடாவுல புது நூல்கண்டு போட்டா, ஓட்டையில வாய வச்சு நூல உறிஞ்சி எடுக்கக் கூடாது, கொக்கி விட்டுத்தான் இழுக்கணும். மில்லுக்காரன் தறிக்குத் தறி கொக்கி குடுத்தாகணும். குடுக்கலியா?

— குடுத்தான்மா. ஆணி அடிச்சு, தறிக்கு ஒண்ணா மாட்டி வச்சிருக்கான். நல்லாப் பளபளன்னு தொங்குது. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு மேஸ்திரியே துணிய எடுத்துத் தொடைக்கிறான்.

— அப்ப எடுத்துப் போட வேண்டியதுதானே. கை நோவுதா?

— கை நோவல. ஒரு தடவ போட்டா ஒண்ணும் தெரியாது. காலையிலேந்து பொழுதுசாயற வரைக்கும் போட்டுப் பாரு, தறி நின்னு நின்னு ஓடும். வாயின்னா ஒரு மூச்சு, நூல் வந்துரும். நெய்ஞ்ச துணிக்குத்தானே கூலி குடுக்கறான், சட்டத்துக்கா குடுக்கறான்?

— அதெல்லாம் சொல்லாத எங்கிட்ட.

— யாத்விகா தெரியும்ல, அந்தப் போலந்துக்காரப் பொண்ணு? அவ பிடிவாதமா கொக்கிதான் போட்டா. துணி கொறஞ்சுச்சு. மேஸ்திரி ஒரு வார்த்த திட்டல. சிரிச்சுக்கிட்டே அவ தறிகள்ல பாதிய எடுத்து இன்னொருத்திக்குக் குடுத்துட்டான். இப்ப அவளும் வாயாலதான் எடுக்கறா.

— எல்லாரும் சேந்து ஒரே நாள்ல கொக்கிய எடுத்துப் பாருங்கடீ. மில்லு முழுக்கத் தறியப் புடுங்குவானா?

— இந்தச் சட்டத்துக்காகச் சாட்சி சொல்ல நீ பாஸ்டனுக்குப் போனியே, அன்னிக்கு ஒங்கூட எத்தன பேர் வந்தாங்க?

— வர்றேன்னு சொன்னவளுங்க நெறைய.

— ரயிலடியில?

— நான் ஒருத்திதான் நின்னேன். சரி, அதுக்கு என்ன இப்ப?

— ஒண்ணுமில்ல. தொழிற்சங்கத்துக்காரங்ககிட்டயும் போனோம். இங்கிலீஷ் கத்துக்கிட்டு வாங்கன்னு வாசல்லயே நிறுத்திட்டாங்க. அவங்களுக்குக் கப்பலேறி வந்த நம்ம தீவுக்காரங்கன்னாலே எளக்காரம்.

— இங்க பாரு, இவளே. சட்டம் போடற அந்தப் பெரிய மண்டபத்துல, கோட்டுப் போட்ட ஆம்பளைங்க அத்தன பேர் முன்னாடி நாடாவ வாயில வச்சு உறிஞ்சிக் காட்டினேன் நான். நூலோட பஞ்சுத்தூசும் வந்துச்சு. நாக்க நீட்டி அவங்களுக்குக் காட்டினேன். ஒரு பெரியவர் கைக்குட்டைய எடுத்து அவரோட வாயத் தொடச்சுக்கிட்டார். இந்த நாடாவுல ஒனக்கு முன்னாடி எத்தன பேர் வாய் வச்சாங்கன்னு கேட்டாங்க. செத்தவங்களயும் சேத்தா சொல்லணும்னு கேட்டேன்.

— தெரியும்மா. எத்தனையோ தடவ சொல்லியாச்சு.

— சொல்லுவேன். மறுநாள் போறேன், என் தறியில வேற ஒருத்தி நிக்கறா. இந்த ஊர்ல எந்த மில்லுலயும் என்னய உள்ள விடல. நெஞ்சு அதுக்கு முன்னாடியே கெட்டுப்போச்சு, அது வேற. ஆனா சட்டம் வந்துச்சு. படுக்கையில கெடந்து ரத்தமாத் துப்பறப்பல்லாம், போகட்டும், எம் பொண்ணு வாய்க்கு அது வராதுன்னு நெனச்சுக்குவேன். ஒனக்கு வீடு வாசல் வைக்கல, ஒரு தங்கச் சங்கிலி வைக்கல. அது ஒண்ணுதான்டீ நான் ஒனக்கு வச்சது.

— அழாதம்மா. இருமல் வந்துரும்.

— வரட்டும். எந்த நாடா?

— என்னது?

— எந்த நாடாவ வாயில வைக்கிறேன்னு கேக்கறேன். அப்பலேந்து பாக்கறேன், என் மூஞ்சியப் பாக்காம ரொட்டியப் பிச்சுக்கிட்டே இருக்க. எந்தத் தறி குடுத்திருக்கான் ஒனக்கு?

— ஜன்னலோரத் தறிங்க.

— ஜன்னலோரத் தறியெல்லாம் என் தறியாச்சே.

— அம்மா மாதிரியே கைன்னு சொல்லித்தான் குடுத்தான்.

— நாடாவும் அதேதானா?

— ம்.

— பக்கவாட்டுல கத்தியால கீறி ஒரு சிலுவ போட்டிருப்பேன்.

— இருக்கு. இன்னும் தெளிவா இருக்கு.

— மாதாவே.

— ஒவ்வொரு நாளும் தொடச்சுட்டுத்தான்மா...

— அது மரம்டீ. எச்சிய மரம் குடிச்சு வச்சுக்கும். எங்கிட்ட ஏன் சொல்லல? மேஸ்திரிகிட்ட வேற நாடா கேட்டிருக்கலாம்ல?

— அவனே தர்றேன்னான். நான்தான் வேணாம்னேன்.

— வேணாம்னியா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?

— மொத நாள் அந்த எரைச்சலுக்கு நடுவுல நிக்கறேன், காது ரெண்டும் போச்சு. நாடாவத் திருப்பினா ஒன் சிலுவ. நீ பக்கத்துல நிக்கற மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான். அதை ஏன் குடுக்கணும்னு தோணிச்சு.

— டாக்டர் காசநோய்னு சொன்னதுலேந்து ஒனக்கு ஒரு முத்தம் குடுத்திருப்பேனா நான்? தனித் தட்டு, தனிக் கரண்டி. ஒன் பொறந்தநாளைக்குக் கூட அந்த வாசப்படியிலதான் நின்னேன். நீ தூங்கறப்ப நெத்தியத் தொட்டுப் பாக்கணும்னு வருவேன், பாதியில திரும்பிருவேன். நான் இங்க இப்படிக் காத்துக் காத்து வைக்கறேன், நீ அங்க போயி அதுல வாய வச்சுட்டு வந்திருக்க.

— நான் யோசிக்கலம்மா.

— நீ யோசிக்க மாட்ட. நானும் ஒன் வயசுல யோசிக்கல. செத்துப்போன ஒலின்டாவோட நாடாவ ஆசையா வாங்கி வச்சுக்கிட்டேன், ஓட்டை தேஞ்சு வழவழன்னு இருக்கும், நூல் சுளுவா வரும்னு. அதுலதான் அப்புறம் சிலுவ கீறினேன்.

— அது ஒலின்டா அத்தையோடதா?

— ஆமா. அவளும் யார்கிட்டயோ வாங்கினாளாம். இந்தா, கண்ணத் தொடச்சுக்க. மிஸ் வெதர்பீ இன்னிக்கு வர்றேன்னு சொல்லி விட்டிருக்கா. சங்கு ஊதறதுக்குள்ள வந்துருவா. நீயே அவகிட்டச் சொல்லு.

— என்னன்னு?

— கொக்கி ஆணியில தொங்குது, நாங்க வாயால உறிஞ்சறோம்னு சொல்லு. அவதான் என்னய பாஸ்டனுக்குக் கூட்டிட்டுப் போனவ. நல்லவ. மனசு வச்சா விட மாட்டா.

— சொன்னா என் தறி போயிரும்.

— போகட்டும்.

— போகட்டும்னா? பால் யாரு வாங்குவா, முட்டை யாரு வாங்குவா? இந்த வாடகை?

— எனக்குப் பால் வேணாம். ஒன் எச்சியில வர்ற பால் எனக்கு எதுக்கு? நான் இன்னும் எத்தன நாளைக்கு, சொல்லு பாப்போம். ஈஸ்டர் வரைக்கும் இருந்தா அதிகம்.

— அப்படிப் பேசாத.

— பேசுவேன். இதலீனா, எம் முகத்தப் பாரு. நான் போனதுக்கப்புறம் நீயும் இதே கட்டில்ல, இதே ஜன்னலப் பாத்துக்கிட்டுப் படுத்துக் கெடந்தா, நான் அந்த மண்டபத்துல நாக்க நீட்டிட்டு நின்னதுக்கு என்ன அர்த்தம்? குரங்கு வித்தையா காட்டுனேன் அவனுங்களுக்கு?

— எனக்குப் பயமா இருக்கும்மா.

— எனக்கும்தான் பயமா இருந்துச்சு. பயத்துல ரயில்ல பூரா ஜெபமாலைய உருட்டிக்கிட்டே போனேன். போனேன்ல?

— சரி.

— என்ன சரி?

— சொல்றேன். எல்லாத்தையும் சொல்லிர்றேன். கேளு, படியில செருப்புச் சத்தம். இந்த வீட்டுப் பொம்பளைங்க யாரும் அப்படி நடக்க மாட்டாங்க.

— அவதான். கோப்பைய எடுத்து வை. தலைய ஒதுக்கிக்க.

— மிசஸ் மெதெய்ரோஸ், உள்ள வரலாமா? எழுந்திருக்காதீங்க, படுத்திருங்க. இது இதலீனாதானே? எவ்வளவு வளந்துட்டா.

— வாங்க மிஸ் வெதர்பீ. நாற்காலிய அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கங்க, என் மூச்சுப் படாது.

— ஜன்னல் மூடியிருக்கே. போன தடவையே சொன்னேன்ல, காத்து வரணும், நல்ல காத்துதான் மருந்து. இந்தக் கூடையில கொஞ்சம் ஆரஞ்சு இருக்கு. இன்னொண்ணும் கொண்டுவந்திருக்கேன், பாருங்க. நம்ம சட்டம். அச்சடிச்சு, கண்ணாடி போட்டு. எங்க மாதர் சங்கத்துப் பெண்கள் எல்லாரும் உங்களுக்குன்னு செய்யச் சொன்னாங்க.

— நல்லா இருக்குங்க. சுவத்துல ஆணி இருக்கு, மாட்டிருங்க.

— மாட்டிர்றேன். மிசஸ் மெதெய்ரோஸ், நான் இன்னிக்கு ஒரு வேலையாத்தான் வந்தேன். பக்கத்து மாநிலத்துல இதே சட்டத்தக் கொண்டுவரப் போராடறோம். அங்க முதலாளிங்க சிரிக்கறாங்க. உங்க ஊர் ஃபால் ரிவர்ல சட்டம் இருக்கு, ஆனா யாரும் கொக்கியத் தொடறதே இல்ல, பெண்களுக்கே அது பிடிக்கலங்கறாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா நிஜம் என்னன்னு தெரியணும்.

— மேடம், நான் ஒண்ணு சொல்லணும்.

— சொல்லு இதலீனா.

— இருடீ. நான் ஒண்ணு கேட்டுக்கறேன். மேடம், நீங்க கேள்விப்பட்டது நிஜம்னே வையுங்க. என்ன செய்வீங்க?

— நிஜம்னா சும்மா விட மாட்டேன். ஆனா நான் சொன்னா எடுபடாது. நெசவுக்காரப் பெண் ஒருத்தி முன்னால வரணும். பேரோட, மில்லோட. பாஸ்டன்ல அதே குழு முன்னாடி நின்னு, நீங்க அன்னிக்கு நாடாவ வச்சுச் செஞ்சு காட்டுனீங்கல்ல, அதே மாதிரி காட்டணும். அத மறக்கவே முடியாது. பத்திரிகைக்காரங்களும் வருவாங்க.

— மறுநாள் அவளுக்குத் தறி இருக்காதே.

— அது நடக்கலாம். மறைக்க விரும்பல. அநியாயம்தான்.

— அப்புறம் அவ என்ன பண்ணுவா?

— நாங்க இருக்கோமே. கைவிட்டுருவோமா? உங்கள எப்படிப் பாத்துக்கிட்டோமோ, அதே மாதிரி அவங்களையும் பாத்துக்குவோம்.

— என்னய மாதிரியே.

— கண்டிப்பா. சத்தியமா சொல்றேன், மிசஸ் மெதெய்ரோஸ். உங்களுக்குச் செஞ்சதுல ஒரு குறை வைக்க மாட்டோம்.

— அம்மா, நான் சொல்லிர்றேன். நீ பேசாம இரு.

— பாவம், அவ ஏதோ சொல்லத்தான் வந்தா, நாம விடல. சொல்லும்மா. அட, உதட்டுல என்ன அது, நீலமா?

— அதத்தான் மேடம் சொல்ல வந்தேன். நான் தெனமும்...

— ஜாம்ங்க. ப்ளூபெரி ஜாம், கோடையில நானே காய்ச்சி வச்சது. சின்னப் புள்ளையிலேந்தே இவ இப்படித்தான் மேடம், தின்னுட்டு வாயத் தொடைக்கவே மாட்டா.