சொன்னதை மட்டும்

– இந்த மலை மாதிரி ஆளை அந்த நாற்காலில உக்கார வைக்காதடா ஜாசிந்து. என் கல்யாணத்துக்கு வாங்கினது. உடைஞ்சா இவனையே மாப்பிள்ளையா கூட்டிட்டு வர முடியுமா?

– கேப்டன், அதெலினா அத்தை உங்களைப் பாயில உக்காரச் சொல்றாங்க. அதுதான் மரியாதையாம்.

– அதைவிட நிறைய பேசின மாதிரி இருந்ததே?

– எங்க தேத்தும் மொழியே கொஞ்சம் நீளமானது, கேப்டன்.

– இருக்கட்டும். ஃபிஜில நாங்களும் பாயிலதான் உக்காருவோம். ஆனா இனிமே அவங்க சொன்னதை மட்டும் சொல்லுங்க. இது ஐ.நா. விசாரணை.

– என்னடா சொல்றான்?

– அவங்க ஊர்லயும் பாய்தானாம், அத்தே.

– நல்ல ஊரு. சோளமும் பயறும் வேக வெச்சிருக்கேன், தின்பானான்னு கேளு. நீயும் தின்னு. இந்த நீலத் தொப்பிக்காரங்க உனக்குச் சோறே போடலையா? கழுத்தெலும்புக் குழில தண்ணி ஊத்தி வெக்கலாம் போல.

– வேலை நேரம், அத்தே.

– வேலை நேரத்துல பசிக்காதா?

– ஆரம்பிக்கலாமா, ஜாசிந்து? இவங்க மகன் ஒலிவியோ மேற்குத் திமோர் முகாம்லேர்ந்து ஊர் திரும்பணும்னு கேட்டிருக்கார். போன வருஷம் விடுதலை வாக்கெடுப்பு முடிஞ்சதும், விடுதலையை எதிர்த்த ஆயுதக் கும்பலோட சேர்ந்து இங்க என்ன செஞ்சார்? அம்மா வாயால கேக்கணும்.

– அத்தே, அன்னிக்கு உங்க மகன் என்ன பண்ணினான்னு கேக்குறார்.

– உனக்குத் தெரியாததா?

– கேள்வி என்னோடது இல்ல.

– சரி, சொல்லு. வாத்தியார் மௌரீசியுவைத் தேடி வந்தானுங்க. வெளியூர்க்காரனுங்க, வீடு தெரியாது. என் மகன்தான் கை நீட்டிக் காட்டினான். சுட்டது அவன் இல்ல. காட்டினது அவன். குறைக்காம சொல்லு.

– வாத்தியார் வீட்டை இவங்க மகன்தான் காட்டினானாம், கேப்டன். சுட்டது அவன் இல்லையாம். குறைக்காம சொல்லணுமாம்.

– மிரட்டினாங்களா அவரை?

– மிரட்டினாங்களான்னு கேக்குறார், அத்தே.

– கழுத்துல கத்தி இருந்துச்சுன்னு சொன்னா எனக்கும் நிம்மதியாத்தான் இருக்கும். நான் சோளக்காட்டுல குப்புறக் கெடந்தேன். பாக்காததை எப்படிச் சொல்ல?

– பாக்காததைச் சொல்ல மாட்டாங்களாம், கேப்டன்.

– நல்ல மனுஷி. ஊர்ல மத்தவங்க எல்லாம் சம்மதிச்சுட்டாங்க. ஒண்ணுதான் பாக்கி. வாத்தியார் குடும்பத்துல யாராவது மிச்சம் இருக்காங்களா? அவங்க வேண்டாம்னா ஒலிவியோ வர முடியாது.

– என்ன கேட்டான்?

– வாத்தியார் வீட்ல யாராவது மிச்சம் இருக்காங்களான்னு.

– அவனுக்குத் தெரியாதா?

– நான் சொல்லல. சொன்னா வேற ஆளை அனுப்பியிருப்பாங்க.

– அனுப்பட்டுமே. நீ ஏன் வந்த?

– வேற ஆள் நாற்காலிப் பேச்சை அப்படியே சொல்லியிருப்பான், அத்தே.

– சிரிக்க வைக்காத. கேளு. உன் அண்ணன் போன நாள்லேர்ந்து என் கையாலதான் சாப்பிடுற. என் மகன் பேரை ஒரு தடவை சொன்னதில்ல நீ. நானும் கேட்டதில்ல. இப்ப நீ இந்த ஆள்கிட்ட என்ன சொன்னாலும் எனக்குப் புரியப் போறதில்ல. வேண்டாம்னு தோணினா வேண்டாம்னு சொல்லு. ஆனா நாளைக்கும் சாப்பிட வரணும். வராம இருந்தேன்னா தேடி வந்து அடிப்பேன்.

– அத்தே, சும்மா இருங்க.

– அழறதுன்னா அந்தப் பக்கம் திரும்பிக்கோ. அவன் பாக்குறான்.

– ஜாசிந்து? அம்மா என்ன சொல்றாங்க?

– சாப்பாட்டைப் பத்தி, கேப்டன்.

– என் கேள்வி?

– வாத்தியாருக்கு ஒரு தம்பி இருக்கான்.

– அவரை எங்க பாக்கலாம்? நேர்ல கேக்கணும்.

– நேர்லதான் கேட்டுட்டு இருக்கீங்க, கேப்டன். ஒலிவியோ வரட்டும். முதல்ல எங்க வீட்டுக்கு வரணும். வழி அவனுக்குத் தெரியும்.