கூட்டம் வந்தால் படுத்துக்கொள்ளும் சிக்னல்

மேடையை அலங்கரிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அழுதுகொண்டே போனையும் தடவிக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே! வணக்கம்.

போய்விட்டாரே! நீங்கள் ‘சிக்னல் சார்’ என்று அழைத்த பேராசிரியர், என் உடன்பிறவா அண்ணன், போய்விட்டாரே! சூட்டையும் ஈரத்தையும் உணர்ந்து, கம்பியே இல்லாமல் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் தீப்பெட்டி அளவுக் கருவிகளை, கரும்பலகையிலா கற்பித்தார்? கூரையில் ஏற்றினார், சாக்கடையில் இறக்கினார்! “ஈயம் பத்தவச்ச வாசனை அடிக்காத சட்டை அவருக்கு ஒண்ணுகூட இல்ல தம்பி” என்று நேற்று அண்ணி சொன்னார்.

அவருக்கு உதவியாளனாக நான் நின்ற அந்த ஆய்வகத்தை மூடிவிட்டு, இனி எல்லாவற்றையும் கணினித் திரையிலேயே செய்துகாட்டலாம் என்று முதல்வர் அவர்கள் எண்ணுவதாகக் கேள்வி. எண்ணட்டும்! அதற்குமுன் ஒரு சம்பவம்.

இதே மண்டபத்தில்தான் மாணவர்கள் மண்டபத்தின் சூட்டை அளக்க நாற்காலிகளுக்கு அடியில் கருவிகளைப் பொருத்தினார்கள். கணினித் திரையில் செய்து பார்த்தபோது பிரமாதம். காலி மண்டபத்தில் அதைவிடப் பிரமாதம். விருந்தினர்கள் வந்து உட்கார்ந்தார்கள்; அண்டசராசரமும் அடங்கியதுபோல ஒரு கருவிகூட வாய் திறக்கவில்லை!

“சார், ப்ரோகிராம்ல தப்பே இல்ல சார்!” என்று ஒரு மாணவி விசும்பினாள்.

“நான் எப்பம்மா தப்புன்னேன்? மனுஷ உடம்பு பாதிக்கு மேல தண்ணி. இத்தனை தண்ணிக்குடம் குறுக்க உக்காந்தா சிக்னல் எப்படிப் போகும்? கண்ணைத் தொடச்சிட்டு ஏணியக் கொண்டா!”

கருவிகள் தூண்களின் உச்சிக்கு ஏறின. எல்லாம் பேசின, ஏணி எட்டாமல் தாழவே நின்றுவிட்ட ஒன்றைத் தவிர. அதற்கு நேர் எதிரே மலைபோல் நின்றிருந்தவர் யார்? முதல்வர் அவர்களே, தாங்கள்தான்!

“ஐயா, கொஞ்சம் நகருங்க, சேதி போகணும்” என்றார் அண்ணன். தாங்களும் நகர்ந்தீர்கள். அந்தப் பெருந்தன்மையை மறவேன்!

மாணவர்களே, மனிதர்கள் குறுக்கே உட்காருவார்கள் என்பதை எந்தத் திரை அன்று சொன்னது? விசும்பிய அந்த மாணவி இன்று அதே ஆய்வகத்தின் விரிவுரையாளர். அண்ணன் பாதியில் விட்ட பாடத்தைத் திங்கட்கிழமை காலை அவர் தொடங்குவார். ஈயம் பற்றவைக்க நான் நிற்பேன்; கை சுட்டுக்கொள்ள நீங்கள் வர வேண்டும்!

அறையைப் பூட்டினால் வராந்தாவில் நடத்துவோம். வராந்தாவைப் பூட்டும் பூட்டை எந்தக் கடையிலும் இன்னும் விற்கவில்லை!