சாவு வீடுகளில் ராக்காயி

எனக்கு ஒப்பாரி பிடிக்காது என்று எழுதிவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நல்ல குரலாக இருந்தால் நானும் ஓரமாக உட்கார்ந்து கேட்பேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வீரம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. நோர்வூட்டிலிருந்துகூட அவளைக் கூட்டிப்போக வருவார்கள்.

என் பெயர் சிவசாமி. பதினொரு வருஷமாகக் கொழுந்துக் கங்காணி. நாற்பது பெண்களை மலைக்கு ஏற்றி இறக்குகிறவன். குடிக்க மாட்டேன். என் பெண்சாதி ராக்காயியை மற்றவர்கள் மாதிரி சும்மா சும்மா அடித்ததும் இல்லை. ஐம்பத்தேழாம் வருஷம் மாசி மாதம் அவள் பாறையில் வழுக்கி விழுந்து செத்தாள் என்று எழுதியிருக்கிறது. அந்தக் காகிதத்தில் இருப்பது நான் சொன்னதுதான்.

அன்று காலைப் பெரட்டில், ஆளுக்கு வேலை பிரிக்கிற நேரம், வீரம்மாவை உச்சி மலைக்கு அனுப்பினேன். அவள் மாசமாக இருந்தாள். தெரிந்துதான் அனுப்பினேன். ஒருத்திக்கு இளக்கம் காட்டினால் நாற்பது பேரும் கேட்பார்கள். ராக்காயி வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"ஏழு மாசக்காரிய அங்க ஏத்தாதீங்க. அவளுக்குப் பதிலா நான் போறேன்" என்றாள், தோட்டத்துத் துரை காதுபட.

கங்காணி வேலையை இனி உன் பெண்சாதிக்கே கொடுத்துவிடலாம் என்று துரை சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவமானம் வேறு, கோபம் வேறு. மத்தியானம் நானும் உச்சி மலைக்குப் போனேன். வீரம்மாவுக்குப் பதிலாகப் போன ராக்காயி தனியாகக் கூடையை இறக்கிவைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேள் என்றேன். "என்ன தப்பு செஞ்சேன், சொல்லுங்க" என்றாள். கழுத்தைப் பிடித்தேன். அவள் அடங்கிய பிறகு பாறைக்குக் கீழே கிடத்தினேன். கூடையையும் உருட்டிவிட்டேன்.

ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டேன். பிணத்தைக் குளிப்பாட்டுவது பெண்கள். சேலையால் மறைப்புக் கட்டிவிட்டால் ஆண்கள் எட்டிப் பார்க்க முடியாது. தோட்டத்து மருந்துக்காரர் பார்க்காத கழுத்தை, மஞ்சள் தேய்க்கும்போது வீரம்மா பார்த்துவிட்டாள். வெளியே வந்தவள் யாரிடமும் புகார் சொல்லவில்லை. மற்றப் பெண்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பாடினாள்.

"பாறை வழுக்கலியே, என் பொறப்பே ராக்காயி,
பத்து வெரலுத் தடம் பதிஞ்சிருக்கே கழுத்துல."

நானும் தலையில் துண்டைப் போட்டு அழுதுகொண்டுதான் இருந்தேன். ஒப்பாரியை யார் சாட்சியாக எடுப்பார்கள்? துக்கத்தில் உளறுகிறாள் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். ஆனால் ஒரு சாவு வீட்டில் உட்கார்ந்தால் பெண்கள் தங்களுடைய பழைய சாவுகளையும் சேர்த்து அழுவது எங்கள் வழக்கம். அதனால் நாங்கள் குடியிருக்கிற லயத்தில் எந்தக் கிழவன் செத்தாலும் ராக்காயி பெயர் வந்துவிடும். ஒன்றரை வருஷம் பொறுத்தேன். அது சாதாரணப் பொறுமை இல்லை, ஐயா.

போன மாதம் என் ஆத்தா இறந்துபோனாள். "இந்த ஒரு சாவுல மட்டும் வேணாம் வீரம்மா" என்று கும்பிட்டுக் கேட்டேன்.

"பெரட்டுல வாய மூடுன்னா மூடுறோம் கங்காணி. இங்க மூட மாட்டோம்" என்றாள். என் ஆத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்தே பாடினாள்.

வேலை நேரத்தில் வீரம்மாவின் கைப்பிள்ளை, ஆயா பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் இருக்கும். பால் கொடுக்க அவள் பத்து மணிக்குப் பாறைப் பக்கக் குறுக்குப் பாதையில் இறங்குவாள். நேரம் தவற மாட்டாள். செவ்வாய்க்கிழமை நான் அங்கே நின்றேன். இந்தத் தடவை கழுத்தில் கை வைக்கவில்லை. முதுகில் ஒரே தள்ளு. குளிப்பாட்டியவர்களுக்கு ஒரு தடமும் கிடைத்திருக்காது.

அவர்கள் தடம் தேடவே இல்லை. நேற்று முப்பத்தெட்டுப் பேரும் வட்டமாக உட்கார்ந்து இரண்டு பெயரையும் சேர்த்துப் பாடினார்கள். வீரம்மா அளவுக்குக் குரல் இல்லாதவர்களும் பாடினார்கள். எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. முப்பத்தெட்டுப் பேரை நான் ஒருத்தன் என்ன செய்ய முடியும்? அதனால்தான் நானே இறங்கி வந்தேன்.

இரண்டையும் செய்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். எழுதி முடித்ததும் ஆள் அனுப்பி அவர்களை நிறுத்தச் சொல்லுங்கள். இத்தனை பாட்டுப் பாடுகிறார்களே, பெண்சாதியைப் பறிகொடுத்து நிற்கிறவன் என்று என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஐயா.