ஒத்துக்கிறேன்னு ஒரு வார்த்தை

— அப்ப, நான் ஒத்துக்கிறேன்னு சொல்லிட்டா சாட்சி யாரையும் கூப்புட மாட்டாங்கல்ல மேடம்?

— சேவுகண்ணே, இதோட மூணு தடவை கேட்டுட்டீங்க. கூப்புட மாட்டாங்கதான். ஆனா நீங்க ஒத்துக்கவே கூடாதுங்கிறேன் நான். ஒங்களுக்காக வாதாடத்தானே சட்ட உதவி மையத்துல என்னையப் போட்டிருக்காங்க?

— எங்க ஊரு சோலையப்பன் போன மாசம் இதே கோர்ட்டுலதான் ஒத்துக்கிட்டான். பத்து மணிக்கு வந்தான், ஃபைன் கட்டுனான், பன்னெண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல பிரியாணி தின்னுக்கிட்டு இருந்தான்.

— அவரு சீட்டு வெளாண்டு மாட்டுனவரு. ஒங்க வண்டியில ஒரு உசுரு போயிருக்கு. கவனமில்லாம ஓட்டி ஆளைக் கொன்னுட்டதாக் கேஸு. அஞ்சு வருசம் வரைக்கும் உள்ள போடலாம்.

— அஞ்சு வருசமா?

— போடட்டும்.

— சுடர்விழி, நீ கொஞ்சம் சும்மா இரும்மா.

— நான் ஏன் மேடம் சும்மா இருக்கணும்? செத்தது எங்கம்மா. பதினோரு மாசமாச்சு. வண்டிய பாலத்துக் கட்டையில கொண்டுபோய் விட்டவரு நல்லாத்தான் நடமாடிக்கிட்டு இருக்காரு. அத்தை கெஞ்சுச்சேன்னு வந்தேன். இல்லாட்டி இவரு மூஞ்சியில முழிக்க எனக்கென்ன தலையெழுத்தா?

— ஆத்தா, காலையில இருந்து நீ ஒண்ணுமே சாப்புடல...

— எங்கிட்டப் பேச வேணாம்னு அவருக்கிட்டச் சொல்லுங்க மேடம்.

— சரி சரி. இந்தா, அவரு ஆதார் கார்டு. ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா. கேட்டைத் தாண்டி அங்கிட்டு டீக்கடைக்குப் பக்கத்துல கடை இருக்கு.

— போறேன். அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கதுக்கு அது தேவலாம்.

— போயிட்டாளா? அண்ணே, தண்ணியக் குடிங்க. இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. உள்ள போனதும் ஜட்ஜம்மா குற்றச்சாட்டைப் படிச்சுக் காட்டுவாங்க. புரியுதாம்பாங்க. அப்புறம், குற்றத்தை ஒத்துக்கிறீங்களாம்பாங்க. இல்லைங்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். ஜாமீன்ல இருக்கீங்க, இன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம்.

— அது பொய்யாயிராதா மேடம்?

— ஆகாது. நீங்களே நிரூபிச்சுக்கங்கன்னு சொல்றது அது. அப்படிச் சொல்ல ஒங்களுக்கு உரிமை இருக்கு. அதுக்கப்புறம் போலீஸ்தான் சாட்சியெல்லாம் கூட்டிட்டு வந்து நிறுத்தணும். ஒவ்வொருத்தரையும் நானும் கேள்வி கேப்பேன்.

— அந்த சாட்சியில எம் மக பேரும் இருக்காமே?

— ரெண்டாவது பேரே அவதான்.

— வேணாம் மேடம். அவளைக் கூண்டுல ஏத்தாதீங்க.

— எல்லாரு முன்னாலயும் வஞ்சுருவான்னு பயப்படுறீங்களா? அவ சாட்சி நிக்காதுண்ணே. தலையில அடிபட்டு எட்டு நாளு கண்ணே தொறக்கல. அன்னைக்கு நடந்தது ஒண்ணுமே அவளுக்கு நெனப்பு இல்லைன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. நீங்க சொன்னதைத்தான் அவ போலீஸ்ல திருப்பிச் சொல்லியிருக்கா.

— நின்னாலும் நிக்காட்டியும் அவ வர வேணாம். நான் ஒத்துக்கிறேன். முடிச்சு விட்டுருங்க.

— இருங்க, இன்னும் ஒண்ணு இருக்கு. நேத்து சார்ஜ் ஷீட்டை ஒரு வரி விடாமப் படிச்சேன். மோதின வண்டிய போலீஸ் பாத்து எழுதியிருக்காங்க, கேளுங்க. 'ஓட்டுநர் இருக்கையின் மீது நான்காக மடிக்கப்பட்ட போர்வை ஒன்றும், அதன்மேல் தலையணை ஒன்றும் காணப்பட்டன.' எழுதுனவரே அதை யோசிக்கல. ஒங்க உசரம் என்னண்ணே?

— உசரமா? ஆறடிக்குக் கிட்ட இருக்கும்.

— ஆறடி ஆளு அந்த மினி வேன்ல தலையணை போட்டு உக்காந்தா உச்சந்தலை கூரையில முட்டும். அந்த வண்டிய நீங்க ஓட்டல.

— மேடம், மெதுவா... மெதுவாப் பேசுங்க.

— ஏன் மெதுவாப் பேசணும்? நமக்கு இது நல்ல சேதிண்ணே! ஒங்க சம்சாரம் அழகியக்கா ஓட்டுனாங்களா? சொல்லுங்க. எறந்தவங்க மேல யாரும் கேஸு நடத்த முடியாது. நீங்க விடுதலையாகிப் போகலாம்.

— அவளுக்கு சைக்கிளே மிதிக்கத் தெரியாது. எனக்கு இங்கிட்டு, கதவோரமா உக்காந்து, பலாப்பழத்தை மடியில வச்சுக்கிட்டு வந்தா பாவி. போய்ச் சேந்தவ மேல நான் பழி போட மாட்டேன் மேடம்.

— அப்ப... வண்டியில மொத்தமே மூணு பேருதானே?

— இந்தப் பேச்சை விட்டுருங்க.

— சேவுகண்ணே. நான் ஒங்க வக்கீலு. நீங்க எங்கிட்டச் சொல்றது எந்த வாய் வழியாவும் வெளிய போகாது.

— குடுமியான்மலை ரோடு காலியாக் கெடந்துச்சு. டிரைவிங் டெஸ்ட்டுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு, குடுங்கப்பான்னு கேட்டா. அவங்காத்தா வேணாம் வேணாம்னுதான் சொன்னா. நான்தான் சாவியக் குடுத்தேன். குறுக்க ஒரு ஆடு பாஞ்சுச்சு. அம்புட்டுத்தான்.

— கடவுளே.

— ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் மொத வார்த்தை, யாருப்பா வண்டிய ஓட்டுனதுன்னு கேட்டா. போலீஸ்காரருக்கிட்டச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். அன்னையில இருந்து வையிறா. வையட்டும் மேடம். என்னைய வஞ்சுக்கிட்டே சோறு தின்னுருறா, வஞ்சுக்கிட்டே காலேஜுக்குப் போயிருறா. ஆளை ஆளா வச்சிருக்கது அந்தக் கோவம்தான்.

— அதுக்காக, செய்யாததை ஜட்ஜு முன்னாடி செஞ்சேன்னு சொல்லுவீங்களா? அங்கிட்டு ஜெயில்ல நீங்க கெடந்தா இங்கிட்டு அவளுக்கு யாரு இருக்கா?

— எங்கக்கா இருக்கு. எனக்கு ஜெயில்னா பயந்தான் மேடம், இல்லைன்னு சொல்லல. ஆனா நீங்க இந்தப் போர்வையப் பத்தி உள்ள வாயத் தொறந்தீங்கன்னா, அவ கெட்டிக்காரி, அந்த நிமிசமே கணக்குப் போட்டுருவா. அதுக்கு மேல ஒரு நாளு அவ உசுரோட இருப்பாளாங்கிறதுதான் எனக்கு அதைவிடப் பெரிய பயம். ஒங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன்...

— அய்யோ, எந்திரிங்கண்ணே. அந்தா, ஒங்க பேரைக் கூப்புடுறாங்க.

— நான் ஒத்துக்கிறேன்னே சொல்லிருறேன். நீங்க குறுக்க பேசிராதீங்க மேடம். சத்தியம் பண்ணுங்க.

— அண்ணே, பேசாதீங்க. திரும்பாதீங்க. சுடர்விழி... நீ எப்பம்மா வந்து நின்ன?

— அப்பா, வண்டிய ஓட்டுனது நானா?