தத்துவத்துறை முயல்

இல்லைங்கய்யா, கூச்சப்படாதீங்க, எங்க சமையக்காரம்மாகிட்ட இன்னொரு கிண்ணம் ஊத்தச் சொல்றேன். ஓதானேம்மா, தணிக்கை ஐயாவுக்கு அடியில கெடக்குற துண்டாப் பாத்துப் போடும்மா! தோக்கியோவுலேர்ந்து ராத்திரி பூரா ரயில்ல வந்திருக்கீங்க. மிசோக் குழம்பும் முள்ளங்கியும் கொதிக்கக் கொதிக்க உள்ள போனாத்தான் விரலு பேனாவைப் பிடிக்கும். கோட்டைக் கழட்டாதீங்க. இது பல்கலைக்கழகச் செயலர் அறை, என்னோடது. இங்க அடுப்பு எரியாது.

ஏனா? உங்க அமைச்சகத்து விதிதாங்க. பிப்ரவரி கடைசியோட மனுஷனுக்குக் குளிர் முடிஞ்சிடுது. தோக்கியோவுல பிளம் பூத்துடுதாமே. இங்க மார்ச் பாதி போயும் மை புட்டிக்குள்ளயே உறைஞ்சு கெடக்கு. எத்தனையோ மனு போட்டேன். எங்க பிளம் மரங்கள் இன்னும் உங்க சுற்றறிக்கையைப் படிக்கலைன்னு ஒண்ணுல எழுதினேன். அது ஒண்ணுக்குத்தான் பதில் வந்துச்சு, கேலி வேண்டாம்னு.

அப்பத்தான் ஒருநாள் மருத்துவத்துறைப் பக்கம் போனேன். சோதனைக்கு வளர்க்குற முயல் கூண்டுக்கிட்ட அடுப்பு திகுதிகுன்னு எரியுது. மே மாசம் வரைக்கும் எரியுமாம். விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். மனுஷனோட குளிர் அலுவலகச் செலவு, அதுக்குத் தேதி உண்டு. முயலோட குளிர் ஆராய்ச்சிச் செலவு, அதுக்குத் தேதியே கிடையாது. ரெண்டும் எதிரெதிர் பக்கத்துலதான் இருக்கு. ஒருத்தர் எழுதுறப்ப இன்னொருத்தர் சாப்பிடப் போயிருந்தாரோ என்னமோ.

காலையில உமேசாவா பேராசிரியரைப் பாத்தீங்களே, ஒல்லியா, கழுத்துல துணி சுத்திக்கிட்டு? அவருதான் எங்க தத்துவத்துறை. ஆமா, துறை முழுக்க அவரு ஒருத்தருதான். போன மார்ச்ல கைக்குட்டையில ரத்தம். சூடான அறை இல்லைன்னா இன்னொரு மார்ச்சைப் பாக்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் என்னங்கய்யா செய்ய? தத்துவத்துறைக்கு ஒரு முயல் வேணும், அதுக்கு ஒரு அடுப்பும் வேணும்னு எழுதிப் போட்டேன். 'நான்'ங்கிற நினைப்பு விலங்குக்கு உண்டான்னு ஆராயணும்னு காரணமும் காட்டினேன்.

முதல்ல மறுத்துட்டாங்க. முயலையும் பறவை மாதிரி 'ஒரு இறகு, ரெண்டு இறகு'ன்னு எண்ணுறது நம்ம ஜப்பான்காரங்க வழக்கமாச்சே, நானும் அப்படியே 'ஒரு இறகு முயல்'னு எழுதித் தொலைச்சேன். உங்க கணக்குப் பிரிவுல அதைக் கோழிக் கோப்புல போட்டுட்டாங்க. அதுக்குத்தான் இறகு இருக்கே, அடுப்பு எதுக்குன்னு எழுதித் திருப்பிட்டாங்க. ரெண்டாந்தடவை காது எவ்வளவு நீளம்னும் சேத்து எழுதினேன். அனுமதி வந்துச்சு.

வந்ததுதான் தாமதம், ஊரெல்லாம் தெரிஞ்சுபோச்சு. வேட்டைச் சட்டம் நடத்த முயல் இல்லாம முடியாதுன்னு சட்டத்துறை இகராஷி வந்து நின்னாரு. வரலாற்றுத்துறைக்காரங்க காரணமே சொல்லலை, பல்லு கிட்டிப்போயிருந்துச்சு. கணிதத்துறை ஜோடியாக் கேட்டுச்சு, பெருக்கல் ஆராய்ச்சியாம். அவங்களுக்கு ஒண்ணுக்கு மேல கூடாதுன்னுட்டேன். நிதியாண்டு முடியறதுக்குள்ள அது எதுல போய் முடியும்னு எனக்குத் தெரியாதா?

ஒரு விஷயம் பாருங்க. வந்த அனுமதி பூரா நிலக்கரிக்குத்தான். முயல் வாங்க ஒரு சென் காசு ஒதுக்கலை. அது மூலதனச் செலவாம், அடுத்த வருஷம் பாக்கலாமாம். அப்ப முயலுக்கு என்ன செஞ்சோமா? சோதனைக்கே பத்தலைன்னு முனகிக்கிட்டேதான் மருத்துவத்துறை தந்து உதவுச்சு. ஏதோ சமாளிச்சோம்.

எல்லா முயலுக்கும் இடது காதுல ஒரே மாதிரி வெட்டு இருந்துச்சா? ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்களா இருக்கும். மூச்சு வாங்கிச்சா? மாடிப்படி ஏறினா... அதாவது, குளிருல அப்படித்தாங்க வாங்கும். ஒவ்வொரு துறையிலயும் நாங்க உங்களை முன்கட்டுல நிக்க வச்சு டீ குடுத்தது மரியாதைக்குத்தான். அதைப் போயி சந்தேகப்படலாமா?

தெரியும்யா. காலையில நீங்க சொன்னது அப்படியே காதுல நிக்குது. ரெண்டு மணிக்கு எல்லாத் துறை முயலும் ஒரே நேரத்துல முற்றத்துல வரிசையா நிக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் எல்லா அடுப்பையும் பிடுங்கணும், தத்துவத்துறை அடுப்பைத்தான் முதல்ல. நல்ல யோசனை. அனுபவஸ்தர் யோசனை. நீங்க அதைச் சொன்னதும் நான் நேரா அடுக்களைக்குத்தான் போனேன், உங்க சாப்பாட்டைக் கவனிக்கணுமே.

உமேசாவா ஏன் சாப்பிட வரலையா? அவருக்கு இன்னிக்குப் பசிக்கலையாம். அடுக்களை வரைக்கும் வந்தாரு, கொஞ்ச நேரம் நின்னாரு, ஓதானேம்மாகிட்ட என்னமோ சொல்லிட்டு அறைக்குப் போயிட்டாரு. ஒண்ணுமில்லீங்க, வலிக்காம செய்யிம்மான்னாராம். தத்துவம் படிச்சவங்க மனசு கொஞ்சம் இளகினதுங்க.

மணி ரெண்டாகப் போகுது, ஆமா. எந்திரிக்காதீங்க, வெளிய பனி கொட்டுது. முற்றத்துல பாக்க ஒண்ணும் இருக்காது.

கோழியா? இல்லீங்களே. கோழின்னு நான் எப்ப சொன்னேன்?

அட, பாத்து, பாத்து! கிண்ணத்தைக் கீழ வைங்க. தண்ணி குடிங்க. முதுகைத் தட்டட்டுமா? அரசாங்கச் சொத்துதாங்க, இல்லைங்கலை. ஆனா எத்தனைன்னு என்னைக் கேக்காதீங்க. ஒண்ணா, நாலான்னு இனிமே வெளியில யாரு எண்ண முடியும்? மூணு கிண்ணம் நீங்கதான் சாப்பிட்டீங்க. சாட்சிக்கு ஓதானேம்மா இருக்கு. வெளிய சொல்லுற ஆளு இல்லை அது, நான் பொறுப்பு.

இந்தாங்க பேனா. உள்ளங்கையில வச்சே இருந்தேன், மை இளகியிருக்கும். பொய்யா ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம்யா. 'பல்கலைக்கழகத்து முயல்களை நேரில் கண்டேன், போதுமான கதகதப்பில் இருந்தன'ன்னு மட்டும் எழுதுங்க.