சோளம் காய்ந்த சாலையில் ஏழு கற்கள்

போர் கல்வராயன் மலைக்கு வந்துவிட்டது என்று நம்பினேன். அந்தக் கேவலத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காலை பத்து நாற்பது. தலைக்கு மேல் சத்தம். டுர்ர்ர். நிற்கிறது. டப். மறுபடி டுர்ர். கரியாலூர்ப் பக்கமிருந்து ஒரு சின்ன விமானம் தாழ்ந்து வருகிறது. அப்போது எல்லையில் சண்டை. மூன்று நாளாக டிவி முன்னால் உட்கார்ந்து நான் தளபதி ஆகியிருந்தேன். டெல்லியை விட்டுவிட்டு, சங்கராபுரம் தாண்டி, என் மக்காச்சோளத்தைத் தேடி எதிரி வருகிறான். ஐம்பத்திரண்டு வயது மூளை இதை ஒப்புக்கொண்டது.

"குண்டு போட வர்றான்! ஓடுங்க! படுங்க!"

ஓடவும் படுக்கவும் ஒரே மூச்சில் உத்தரவு. கேட்க ஒரே ஓர் ஆள். கூலிக்கு வந்த அஞ்சலை. புதுச் சாலையில் பரப்பியிருந்த சோளத்தைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி கிளறினாள்.

விமானம் மலையோரமாக ஒரு சுற்றுப் போனது. சாலை இன்னும் திறக்கவில்லை. நேரானது. காலி. இறங்கிவிடுவானே! சோளத்தின் மேல் பைக் ஏறாமலிருக்க ஓரத்தில் கல் வைத்திருந்தோம். ஏழு கல்லை நடுச்சாலைக்கு உருட்டினேன். நாட்டைக் காத்தாயிற்று. சிறுபாலத்துக் குழாய்க்குள் பாய்ந்தேன். தலை உள்ளே. மீதி வெளியே. உள்ளே படுத்திருந்த நாய் ஓடியது. விமானத்துக்குப் பயந்து அல்ல.

டப். டப். பிறகு சத்தமே இல்லை.

"அண்ணா! மூக்குல சுத்துற காத்தாடி நின்னுகினு கீது! பாவம், எறங்க எடம் தேடுது! கல்லை எடுங்க!"

நான் அசையவில்லை. அவள் ஓடுகிறாள். ஒன்று. இரண்டு. கல் உருளும் சத்தத்தை எண்ணினேன். அதற்கு மட்டும் தைரியம் இருந்தது. ஐந்து. ஆறாவதில் ஓர் அலறல். உஸ்ஸென்று காற்று. சோளம் சிதறும் சத்தம். ணங்.

வெளியே வந்தேன். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. இறங்கியது ஒரு பெண். முப்பது வயதிருக்கும். குரல் நடுங்கவில்லை.

"எஞ்சின் நின்னதும் மூக்கைத் தாழ்த்தி வேகத்தை விடாம வச்சிருந்தேன். முதல் சுத்துல ரோடு காலியாதான் இருந்துது. இந்தக் கல்லு எங்கேருந்து வந்தது?"

நான் வானத்தைப் பார்த்தேன். அஞ்சலை கையைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். துண்டு சிவந்துகொண்டே வந்தது.

"இன்னாண்ணா நிக்கிறீங்க? குண்டு போட வந்தவங்களுக்குத் தண்ணி குடுங்க."

இழப்பு இது. சோளம் இரண்டு மூட்டை. ஏழாவது கல்லில் விமானத்தின் ஒரு சக்கரம். ஆறாவது கல்லின் அடியில் அஞ்சலையின் வலது ஆள்காட்டி விரல், பாதி. உயிர் ஒன்றும் போகவில்லை. எதிரியும் வரவில்லை. எஞ்சின் நின்றுபோன ஒரு பெண் இறங்க இடம் தேடினாள். அந்த இடத்தை நான் அடைத்தேன்.