நான்கு நிமிடம் ஆறு வினாடி

எனக்குச் சீட்டாட்டம் பிடிக்காது, ஐயா. சீட்டைத் தொட்ட கையைக் கழுவாமல் நான் சோறு உண்டதே கிடையாது. எத்தனை பேர் எச்சில் தொட்டுப் புரட்டிய சீட்டு அது. ஓரமெல்லாம் கறுப்பாக அழுக்கு ஏறியிருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் பீடியும் வியர்வையும் கலந்த வாடை குமட்டும். ஆகவே என்னைச் சூதாடி என்று உங்கள் தாளில் எழுதியிருந்தால் அதை முதலில் அடித்துவிடுங்கள்.

என் பெயர் மருதப்பன். துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது என் வேலை; நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு, அது ஐந்து. பதினோரு வருஷத்தில் என் எண்ணிக்கையில் ஒரு மூட்டை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. குடியிருப்பது பஃபலோ ரோட்டில், ஒரு கடைக்கு மேலே மாடியறை. மனைவி கண்மணி பூக் கட்டி விற்பவள். எங்கள் மகள் சந்திரமதிக்கு அந்தப் புதன்கிழமை ஒரு வயதும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. அவள் வாளித் தண்ணீரில் மூழ்கியபோது நான் வேலையில் இருந்ததாக உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. அறையில்தான் இருந்தேன். என் நோட்டுப் புத்தகம் உங்கள் கைக்குப் போய்விட்ட பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிடுவதே முறை. இல்லாவிட்டால், தெருவே கண்மணியின் பெயரைச் சொல்லிக் காறித் துப்புவதுபோல நீங்களும் அவள்மேல் வழக்குப் போட்டுவிடுவீர்கள். ஆஸ்பத்திரியில் நீங்கள் எத்தனை முறை கேட்டும் “எண்ணிக்கிட்டு இருந்தேன்” என்று மட்டும்தான் சொல்கிறாளாமே. பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் சொல்வது உண்மை.

போன வருஷம், அறுபத்து மூன்றின் கடைசியில், ஓர் அமெரிக்கக் கப்பல் அதிகாரி சரக்கு இறங்கக் காத்திருந்த நேரத்தில் எனக்கு ஒரு விஷயம் சொல்லித் தந்தார். இருபத்தொன்று என்ற ஆட்டத்தில் சீட்டெல்லாம் ஒரே சீட்டுக்கட்டிலிருந்துதான் வருகிறது. இரண்டு முதல் ஆறு வரையுள்ள சின்னச் சீட்டுகள் முதலிலேயே இறங்கிவிட்டால், மிஞ்சி வருவது பத்தும் ஜாக்கும் ராணியும் ராஜாவும் ஏஸும்தான். அது ஆடுகிறவனுக்குச் சாதகம், அப்போது துணிந்து பணம் கட்டலாம். சின்னது இறங்கினால் ஒன்று கூட்டு, பெரியது இறங்கினால் ஒன்று கழி, ஏழு எட்டு ஒன்பதைக் கண்டுகொள்ளாதே. கட்டு முழுதும் முடியும்போது பூஜ்யம் வந்தால் எண்ணிக்கை சரி. நீங்களே சொல்லுங்கள், இதில் சூது எங்கே இருக்கிறது? இது எண்ணிக்கை. என் தொழில்.

ஆனால் நான் நிதானமாக எண்ணிப் பழகியவன். ஒரு சீட்டுக்கட்டை எண்ணி முடிக்க எனக்கு ஒன்றரை நிமிடம் ஆயிற்று. அதற்குள் இரண்டு கை ஆட்டம் முடிந்துவிடும். அவசரப்பட்டால் பிழை வந்தது, பிழையில்லாமல் எண்ணினால் பின்தங்கினேன். அந்த எரிச்சலோடு ஒருநாள் கண்மணி மல்லிகை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நாரைச் சுற்றி ஓர் இழுப்பு. பேசிக்கொண்டே கட்டுகிறாள், பூவைப் பார்க்கக்கூட இல்லை. “ஜோடி சேரலன்னா விரலே சொல்லிடுங்க, எண்ண வேணாம்” என்றாள்.

அன்றே சீட்டை அவள் கையில் கொடுத்தேன். சின்னச் சீட்டு இந்தப் பக்கத்துப் பூ, பெரிய சீட்டு அந்தப் பக்கத்துப் பூ. கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். ஜோடி சேர்ந்ததை மறந்துவிடு, சேராமல் நிற்பதை மட்டும் விரலில் வைத்துக்கொள். முதல் நாளே ஐம்பது வினாடி. ஒரு மாதத்தில் முப்பது. மூன்றாம் மாதம் இருபத்தைந்து, அதுவும் பிழையே இல்லாமல். இப்படி ஒரு திறமையை நாலு முழம் மல்லிகையில் வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்டாப் வாட்ச் ஒன்று வாங்கினேன். தேதி, நேரம், பிழை என்று கோடு போட்டு ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினேன்.

ஃபேரர் பார்க் பக்கம் அம்பலவாணர் வீட்டில் ஞாயிறு மதியம் ஆட்டம் நடக்கும். ஓய்வுபெற்ற பெரிய கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர், சீட்டுப் போடுவது அவர்தான். ஒவ்வொரு சீட்டுக்கும் கட்டைவிரலை நாக்கில் வைத்து நனைப்பார். ஆட்டம் முடிந்ததும் முதல் வேலையாகக் கையைக் கழுவுவேன். அவர் மனைவி பூரணம் அம்மாவுக்கு அந்திப் பூசைக்குப் பூ வேண்டும். ஆகவே கண்மணி கூடையோடு கூடத்து மூலையில் உட்கார்ந்து அங்கேயே கட்டித் தருவாள். ஜோடி சேராத சின்னச் சீட்டுகள் நிறைய நின்றால், மல்லிகைக்கு நடுவே ஒரு கனகாம்பரத்தை வைத்துக் கட்டுவாள். சரத்தில் சிவப்புத் தெரிந்தால் நான் பணத்தை உயர்த்திக் கட்டுவேன். பூக்காரியை யார் பார்க்கப் போகிறார்கள்?

அவள் என் மனைவி என்று அங்கே யாருக்கும் தெரியாது. தனித்தனியாகப் போவோம், தனித்தனியாக வருவோம். குழந்தையைக் கீழே கடைக்குப் பின்னால் குடியிருக்கும் பதுருன்னிசா அக்காவிடம் விட்டுவிடுவோம். ஒரு ஞாயிறு பூரணம் அம்மா, “உமக்குப் பிள்ளையள் இருக்கோ?” என்று சாதாரணமாகக் கேட்டார். கண்மணி என்னைப் பார்த்தாள். நான் என் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “இல்லம்மா” என்றாள். அந்தப் பேச்சுக்கு நடுவிலும் எண்ணிக்கை தவறவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அமைதியான அறையில் எண்ணுவது பெரிய காரியமல்ல. சத்தத்தில் எண்ண வேண்டும். முதலில் ரேடியோவை உச்சத்தில் வைத்தேன். இரண்டு நாளில் பழகிவிட்டாள். ஜன்னலைத் திறந்து தெருச் சத்தத்தை விட்டேன், அதுவும் பழகிவிட்டது. குழந்தை அழுதால் மட்டும் கை நின்றது. உடம்பே அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஆகவே அவளைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, குழந்தையை முதுகுப் பக்கம் விட்டு, இருவரும் தெரிகிற இடத்தில் நான் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். குழந்தை நினைத்த நேரத்தில் அழாது. பால்குடி நேரத்தைத் தள்ளிப்போட்டால் அழும். அதுவும் போதாத நாளில் தொடையில் ஒரு கிள்ளு. நகம் படாமல்தான்.

அழுகையைக் கேட்டதும் கண்மணிக்குப் பால் சுரந்துவிடும். ரவிக்கை நனைந்து, சொட்டுச் சொட்டாகச் சீட்டின் மேல் விழும். சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தப் புளித்த வாடை எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னேன். “புள்ள பாவங்க” என்றாள் ஒரு தடவை. அழுதால் நுரையீரல் பலப்படும் என்று சொன்னேன். துண்டை எடுத்து வந்தாள். கண்மணி நான் சொல்வதை மறுத்ததே இல்லை, அந்த விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவன்.

பதுருன்னிசா அக்கா ஒருநாள் படியில் மறித்துக்கொண்டார். “தம்பி, புள்ள ஏன் தெனமும் ஒரே நேரத்துல கத்துது? பூச்சி எதுவும் இருக்கப் போவுது, டாக்டர்ட்ட காட்டுங்க லா.” காட்டுகிறேன் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்தவர் வீட்டில் மூக்கை நுழைப்பவர்களைக் கண்டாலே எனக்கு அருவருப்பு.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தைய ஞாயிறு அம்பலவாணருக்குப் பக்கத்து வீட்டில் ஏதோ ஒரு கைக்குழந்தை அழுதது. கண்மணி தவறிவிட்டாள். இருக்கவே கூடாத இடத்தில் கனகாம்பரம். நான் நம்பிக் கட்டினேன், போயிற்று. போனது பெரிய தொகையில்லை. ஆனால் ஆறு மாத உழைப்பு ஓர் அழுகையில் கரைந்துபோனதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. பழைய கட்டுகள் பத்து வாங்கி வந்து ஒன்றாகக் கலந்தேன். ஐந்நூற்று இருபது சீட்டு. ஒரே மூச்சில், எது நடந்தாலும் திரும்பாமல் எண்ணி முடிக்க வேண்டும் என்றேன்.

புதன்கிழமை எனக்கு மதியம் இரண்டு மணிக்குத்தான் வேலை. காலை பத்தரைக்கு உட்கார்ந்தோம். பத்துக் கட்டும் பரப்ப மேசையில் இடம் போதவில்லை. அதன்மேல் வாழைநார் ஊறும் தகர வாளி இருந்தது, முக்கால் வாளித் தண்ணீர். அதை எடுத்துத் தரையில் வைத்தேன். கண்மணி எப்போதும் அதை எட்டாத உயரத்தில் வைப்பாள். நார் என்றால் குழந்தைக்கு உயிர், இழுத்து இழுத்து விளையாடும். அது எனக்குத் தெரியும்.

கடிகாரத்தை அழுத்தினேன். குழந்தை பசியில் அழுதது. கண்மணியின் கை நிற்கவில்லை. முதல் கட்டளவு முடிந்தபோது இருபத்து நான்கு வினாடி. குழந்தை அழுதபடியே தவழ்ந்துபோய், வாளியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. நாரைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. குனிந்தது. இன்னும் குனிந்தது. பிறகு கால்கள்தான் மேலே தெரிந்தன. காலில் கொலுசு போட்டிருந்தோம். அது தகரத்தில் பட்டுச் சத்தம் கேட்டது.

கண்மணியின் கை நின்றது. திரும்பவில்லை, கை மட்டும் நின்றது. “பாப்பா?” என்றாள்.

“நான் இருக்கேன்ல. நீ எண்ணு” என்றேன்.

எண்ணினாள்.

அப்போது மூன்றாவது கட்டளவுகூட முடிந்திருக்கவில்லை. எழுந்தால் இரண்டே எட்டில் வாளி. எனக்கும் தெரிந்தது, ஐயா. இந்தக் கட்டு முடியட்டும் என்று நினைத்தேன். அது முடிந்ததும் அடுத்தது முடியட்டும் என்று தோன்றியது. கொலுசு ஓய்ந்த பிறகு அறையில் சீட்டு விழுகிற ஓசை மட்டும்தான். அவ்வளவு வேகமாக அவள் என்றுமே எண்ணியதில்லை. முதுகு அசையவில்லை, தோள் அசையவில்லை. நடுவில் நிறுத்தினால் இப்படி ஒரு நாள் மறுபடி வராது என்று பட்டது.

கடைசிச் சீட்டு டைமண்ட் ஒன்பது. “மிச்சம் ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அவள் போட்ட சத்தத்தில்தான் பதுருன்னிசா அக்கா மேலே ஓடிவந்தார். அதற்குள் நான் பின்படி வழியாக இறங்கிவிட்டேன். கண்மணி வாளியைக் கவிழ்த்திருந்தாள். தரையெல்லாம் நார் மிதந்தது, தரையில் சிதறிய பத்துக் கட்டும் நனைந்து ஊறிப்போயின. இனி அவற்றைத் தொட முடியாது. நோட்டுப் புத்தகத்தை மட்டும் கையோடு எடுத்து வந்து, தெருக்கோடியில் நின்று எழுதினேன்.

ஆகவே கண்மணிமேல் எந்தத் தப்பும் இல்லை. அவள் நான் சொன்னபடி செய்தாள். நோட்டின் கடைசி வரி, நான்கு நிமிடம் ஆறு வினாடி, என் கையெழுத்துதான். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் நானாக வந்தேன். அவள் திடீரென்று அலறியதில் என் கட்டைவிரல் நழுவி, கடிகாரத்தைத் தாமதமாக அழுத்திவிட்டேன். சரியான நேரம் நான்கு நிமிடம் நான்கு வினாடி. அன்று அந்த அறையில் நான் செய்த பிழை அந்த இரண்டு வினாடிதான், ஐயா. அதை ஒப்புக்கொள்கிறேன்.